செவந்தியின் பத்தொன்பது மழை

செவந்தியிடம் பத்தொன்பது மழை இருந்தது. மேலக்கரைப்பட்டி வானம் முழுவதையும் பிழிந்தாலும் ஒரு தூறல் தேறாத வருஷத்தில், ஒருத்தி மட்டும் பத்தொன்பது மழையைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று தெரியாமலா சொன்னார்கள்.

எல்லாம் படங்கள்தான். சப்பானில் மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்த படங்கள். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம்கூட வராது. ஒன்பது வருஷமாக அவற்றைச் சேர்த்திருந்தாள். திருமயத்துக்குத் தெற்கே நாலு மைலில் ஒரு பொட்டல் ஊரில், மிஷினை மிதித்து ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவளுக்கு இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. "பாக்குறதுக்கு" என்பாள். பார்த்து என்ன செய்வது? "பாத்துட்டு உள்ள வைக்கிறதுக்கு." இதற்கு மேல் அவளிடம் ஒரு சொல் பெயராது.

ஆரம்பித்து வைத்தவன் அவளுடைய தம்பி சேவுகன். ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் சமையல்காரனாக இருந்தான். முப்பத்துமூன்றாம் வருஷம் ஊருக்கு வந்தபோது அக்காளுக்கு ஒரு சீட்டிச் சேலையும், சேலை மடிப்புக்குள் ஒரு காகிதமும் கொண்டுவந்தான். கடைக்கு நாலு வீடு தள்ளி ஒரு சப்பான்காரர் போட்டோ எடுக்கும் கடை வைத்திருந்தாராம். அங்கே சுவரில் மாட்டியிருந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன் என்றான். அதில் ஒரு மரப்பாலம். பாலத்தின் மேல் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டிப் போகிறார். மீதி எல்லாம் மழை. மெல்லிய கோடு கோடாக, சாய்ந்து, விட்டுவிடாமல் பெய்கிற மழை.

செவந்தி அன்றைக்கு அடுப்பில் வைத்த குழம்பை மறந்தாள். குழம்பு தீய்ந்த வாடை தெருவுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மறுவாரம் தம்பி கப்பலேறப் போகும்போது சொன்னாள்: "இன்னும் அனுப்பு. பொம்மை வேணாம், கோட்டை வேணாம், சீவிச் சிங்காரிச்ச பொம்பளைக வேணாம். மழ மட்டும் அனுப்பு."

அவனும் அனுப்பினான், வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ. சேர்க்கச் சேர்க்க அவளுக்குக் கண் தெளிந்தது. சேர்க்கிறவர்களுக்கே வருகிற கண் அது. இந்த மழை தை மாதத்து மழையா ஐப்பசி மழையா என்று கோட்டின் கனத்தை வைத்துச் சொல்வாள். நிறத்துக்கு ஒரு கட்டையாகப் பத்துப் பதினைந்து கட்டையில் ஒற்றினால்தான் ஒரு படம் முடியும் என்று தம்பி எழுதியிருந்தான். அதைப் படித்த பிறகு படத்தைத் திருப்பி முதுகைப் பார்க்காமல் எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டாள். கையால் ஒற்றின படமென்றால் மை காகிதத்துக்குள் இறங்கிப் பின்பக்கமும் தெரியும். தேய்த்த தடம் வட்டவட்டமாக இருக்கும். ஒருதரம் சேவுகன் மிஷினில் அடித்த போலி ஒன்றை ஏமாந்து வாங்கி அனுப்பிவிட்டான். அடுத்த தபாலில் அது ரங்கூனுக்கே போயிற்று, கூடவே நாலு பக்கத்துக்கு வசவும் போயிற்று.

படத்தின் ஓரத்து வெள்ளை இடத்தில் கறுப்பாகவும் சிவப்பாகவும் எழுத்தும் முத்திரையும் இருக்கும். அந்த எழுத்தை அவளால் படிக்க முடியாது. ஆனால் முகம் தெரியும். எந்த முத்திரை எந்த ஆளுடையது என்று அவளே பெயர் வைத்திருந்தாள். எப்போதும் குடையோடு ஒருவரைப் போகவிடுகிறவர் குடைக்காரர். விளக்கு வெளிச்சம் தண்ணீரில் நடுங்குகிற மாதிரி போடுகிறவர் தெப்பக்குளத்தார். புதுக்கோட்டையில் படத்துக்குச் சட்டம் போடுகிற ஒருவன், கண்ணாடிக்குச் சரியாக வரவில்லை என்று ஒரு படத்தின் ஓரத்தைக் கத்தரித்து முத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டான். செவந்தி அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அதிலிருந்து சட்டமும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று வெள்ளைத் துணிக்கு நடுவே ஒவ்வொன்றாக வைத்து, பூச்சி வராமல் வசம்பு போட்டு, பெட்டியில் பூட்டினாள்.

புருஷன் திருப்பதி நல்ல மனுஷன், அதாவது பயந்த மனுஷன். திருமயம் சந்தையில் மூட்டை நிறுக்கிற வேலை. ஊர் சிரித்தால் கூடச் சிரிப்பான், ஊர் முறைத்தால் தலையைக் குனிந்துகொள்வான். பெஞ்சாதியின் படங்களைப் பற்றி அவனுக்குத் தனியாக ஓர் அபிப்பிராயம் இருந்ததில்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம் பிறக்கும் முன்பே எல்லாம் தலைகீழாயிற்று. ரங்கூனில் குண்டு விழுந்தது. மாசிக்குள் நகரம் சப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. மேலக்கரைப்பட்டியிலிருந்து பர்மாவுக்குப் போனவர்கள் ஆறு பேர். நாலு பேர் மலையும் காடுமாக நடந்து, பாதி உடம்போடு வந்து சேர்ந்தார்கள். சேவுகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆறாவது ஆள் முத்துராமன். அரக்கான் மலையில் காலராவில் செத்துப் போனான் என்றும், பாதை ஓரத்திலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தோம் என்றும் கூட வந்தவர்கள் ஆனி மாதத்தில் வந்து சொன்னார்கள். முத்துராமனுக்கு வயசு இருபத்தாறு. ஊருக்குத் தலைமைக்காரரான அம்பலம் உடையப்பனுக்கு ஒரே மகன்.

உடையப்பன் கெட்ட மனுஷன் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை கேட்கிறவர்கள் அவரைக் கரித்துக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். வழக்கு என்று வந்தால் ஏழைக்கு ஒரு நியாயம், பணக்காரனுக்கு ஒரு நியாயம் என்று பேசாதவர். ஆனால் பிள்ளை போன பிறகு அவருக்குக் கோபம் வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. வீட்டிலிருந்த சப்பான் கோப்பைகளை வாசலில் போட்டு உடைத்தார். சப்பான் என்ற சொல் காதில் விழுந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அந்தக் கார்த்திகையில் மழையும் பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. குடிக்கிற ஊருணியில் மட்டும் முழங்காலளவு தண்ணீர். அதற்கும் வீட்டுக்கு இரண்டு குடம் என்று முறை வைத்து ஆள் போட்டிருந்தார்கள். ஊர் கூடியது. கொடும்பாவி இழுப்பது என்று முடிவாயிற்று. மழை இல்லாவிட்டால் இந்தப் பக்கத்து வழக்கம் அது. வைக்கோலில் ஒரு பொம்பளை உருவம் கட்டி, பழஞ்சேலை சுற்றி, காலில் கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் பின்னாலேயே மாரடித்து அழுவார்கள். கடைசியில் ஊர்க்கோடியில் வைத்துக் கொளுத்துவார்கள். ஊரில் பாவம் செய்தவன் எவனாக இருந்தாலும் எரிகிறவள் மட்டும் எப்போதும் பொம்பளையாகத்தான் இருப்பாள்.

கூட்டத்தில் யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள்: "மழைய ஒருத்தி பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கா. அப்பறம் எங்கேருந்து பெய்யும்?" இரண்டு பேர் சிரித்தார்கள். உடையப்பன் சிரிக்கவில்லை.

"அது எந்த ஊரு மழ?" என்று கேட்டார்.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான்.

"கொடும்பாவி வயித்துல வைக்கோல் வேணாம்" என்றார். "அந்தப் படத்த அம்புட்டையும் திணிச்சுக் கொளுத்துவோம். எம்மகனக் கொன்ன ஊரு மழ நம்ம ஊருல இருக்கப்படாது."

செவந்தி பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "மாமா, படம் போட்டவுக குண்டு போடலை. எந்தம்பியும் அங்கதான் இருக்கான். இருக்கானா இல்லையான்னே எனக்குத் தெரியலை. அவன் வாங்கிக் குடுத்தத நான் குடுக்க மாட்டேன்."

"ஊரு கேக்குது, தர மாட்டியா?"

"தர மாட்டேன்."

ஒரு பொம்பளை ஊர்க்கூட்டத்தில் நின்று தர மாட்டேன் என்று சொன்னது அந்த ஊரில் அதுதான் முதல் தரம். உடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். அடுத்த செவ்வாய் கொடும்பாவி என்றும், அதற்குள் பெட்டி வந்து சேராவிட்டால் செவந்தி வீட்டுக்கு ஊருணியில் முறை கிடையாது என்றும், அவளிடம் யாரும் துணி தைக்கக் கொடுக்கக் கூடாது என்றும் கட்டுப்பாடு போட்டார். செவ்வாய்க்கு எட்டு நாள் இருந்தது.

மறுநாளே குடத்தோடு ஊருணிக்குப் போனாள். காவலுக்கு நின்றவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "முறை இல்லத்தா" என்றான். அவள் காலிக் குடத்தோடு திரும்பினாள். இரண்டு மைல் தள்ளி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியிருந்தார்கள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று அங்கிருந்து சுமந்தாள். ஊற்றில் தண்ணீர் கசிந்து ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும். அவள் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஊற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து மீதிப் பொழுதுக்கு மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டாள். தைக்கத் துணி இல்லை.

மூன்றாம் நாள் திருப்பதி தாங்க முடியாமல் ஆரம்பித்தான். "ஏ புள்ள, ஊரோட பகைச்சுக்கிட்டு வேரோட கெடணுமா? காயிதம்தான? குடுத்துத் தொலையேன்."

"காயிதமில்லை."

"சரி, காயிதமில்லை. பத்தொம்பதுல ரெண்ட குடு. சுமாரா இருக்கிற ரெண்டு. அவுகளுக்கு எண்ணவா தெரியும்?"

"சுமாரா இருக்கிறது ஒண்ணும் இல்லை. இருந்தா நானே வச்சிருக்க மாட்டேன்."

"அப்ப தண்ணி?"

"நான் தூக்கிட்டு வாரேன்ல. ஒங்களுக்குக் குடிக்கிறதுக்கு என்ன கொற?"

திருப்பதிக்கு வெட்கமாகப் போயிற்று. மறுநாள் விடிகாலையில் அவனும் ஒரு குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். ஆம்பிளை குடம் தூக்கிப் போவதைத் தெருவே பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டுதான் போனான், ஆனாலும் போனான்.

ஐந்தாம் நாள் பூசாரி இருளாண்டி வந்தார். செல்லாயி அம்மனுக்குப் பூசை வைக்கிறவர். பாம்பும் சாகக் கூடாது, கம்பும் முறியக் கூடாது என்று நினைக்கிற சாது. அவரிடம் ஒரு யோசனை இருந்தது. பெட்டியில் ஒரு படத்தில் மழைக்குப் பின்னால் வெள்ளை மலை ஒன்று தெரியும். சில வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் அதைப் பார்த்துக் கைலாசம் என்றே முடிவு கட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மலையின் மேல் மூன்று விரலால் விபூதி பூசிவிட்டாள். செவந்தி போட்ட சத்தத்தில் பிச்சையம்மாள் ஆறு மாதம் பேசவில்லை. விபூதித் தடம் மட்டும் இன்றுவரை போகவில்லை.

"அந்த மலைப் படத்தத்தான் சொல்றேன்" என்றார் இருளாண்டி. "மிச்சத்துலயும் ஒரு கோடு விபூதி போட்ரு. அம்புட்டும் கைலாசத்து மழைன்னு நான் சொல்லிப்புடுறேன். சாமி படத்த எரிக்க அம்பலத்துக்கே கை வராது."

செவந்தி யோசித்துப் பார்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல யோசனைதான். ஒரு பொய், ஒரு பிடி விபூதி, பெட்டி பிழைத்துவிடும்.

"கைலாசத்துல ஏது பூசாரியண்ணே படகு? மலைக்கு அடியில ஒருத்தன் மீன் பிடிச்சுக்கிட்டு இருக்கான்."

"அத யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல. தெனம் பாக்குறவ நான். நம்ம பொய்ய நானே தெனம் பாத்துக்கிட்டு இருக்கணும்." எழுந்துகொண்டே சொன்னாள்: "அது சப்பான் மலைண்ணே. சப்பான் மலையாவே இருந்துட்டுப் போகட்டும்."

இருளாண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஆத்தாளுக்கு ரங்கூன் பட்டுச் சாத்தணும். அம்பலம் வெள்ளிக்கு வெள்ளி வந்து நின்னு பாக்குறாரு. மகன் வாங்கியாந்த பட்டுல்ல. தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஒரு வார்த்த பேசாமப் போயிருவாரு" என்றார்.

அவர் போன பிறகும் செவந்தி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஐந்து நாளும் நினைக்கக் கூடாது என்று அழுத்தி வைத்திருந்த விஷயம் அதுதான்.

அந்தப் பட்டை ஊர் ரங்கூன் பட்டு என்றுதான் சொல்லும். நாலு வருஷத்துக்கு முன்னால் முத்துராமன் முதல் தரம் லீவில் வந்தபோது அம்மனுக்கென்று கொண்டுவந்தது. அரக்கு நிறம், ஐந்து கஜம். இரண்டு முனையும் பிரிந்து வந்ததால் ஓரம் மடித்துத் தைக்கச் சொல்லி அவளிடம்தான் கொடுத்தான். துணியை விரித்தவள் முனையில் ஒரு முத்திரையைப் பார்த்தாள். கறுப்பு மையில் மேலிருந்து கீழாக நாலு எழுத்து. அவளுக்கு அந்த எழுத்துகளின் முகம் தெரியும். குடைக்காரரின் பாலத்துப் படத்தில் ஓரத்தில் இருக்கிற வரிசையில் இரண்டு எழுத்து அப்படியே இதிலும் இருந்தன. "அட, நம்ம குடைக்காரரு ஊருப் பட்டு" என்று அன்றைக்கு அவளுக்கு ஒரே சந்தோஷம். முத்திரையை உள்ளே வைத்து மடித்து, மேலே நெருக்கத் தையல் போட்டுக் கொடுத்தாள். வேறு யாருக்கும் அது தெரியாது. இப்போது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முத்துராமனுக்கும் தெரிந்திருக்கலாம். அவன் இல்லை.

ஒரு சொல்லில் தீர்ந்துவிடும் வழக்கு. அம்மன் இடுப்பில் இருக்கிறதும் சப்பான் சரக்குத்தான் என்று கூட்டத்தில் நின்று சொன்னால் போதும், ஊர் வாயடைத்துப் போகும். ஆனால் அந்த மனுஷனுக்கு மகன் என்று மிச்சமிருப்பது அந்த ஐந்து கஜம் துணிதான். புதைத்த இடம்கூட அவருக்குத் தெரியாது. அதில் போய் சப்பான் என்று எப்படிக் கை வைப்பது? செவந்தி வாயை மூடிக்கொண்டு அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ஊற்றுக்கு நடந்தாள். குடம் கனத்ததைவிட இது கனத்தது.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரத்துக்குக் கொட்டுச் சத்தம் கேட்டது. கொடும்பாவி முதலில் மேலத்தெருவுக்குப் போயிற்று. பெண்கள் அழுகிற சத்தம் வளைந்து வளைந்து நெருங்கியது. திருப்பதி கதவைச் சாத்தித் தாழ் போட்டான். செவந்தி போய் அதைத் திறந்தாள். உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல்படியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தாள்.

"உள்ள வந்திரு புள்ள" என்றான் திருப்பதி.

"ஒளிச்சு வைக்க இது திருட்டுச் சாமானா?"

கூட்டம் வீட்டு முன்னால் வந்து நின்றது. கொடும்பாவியின் வயிறு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் திணிக்காமல் வைத்திருந்தார்கள். கொட்டு நின்றது. பெண்கள் அழுகையை நிறுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். உடையப்பன் தீப்பந்தத்தைப் பக்கத்தில் நின்ற இருளாண்டியிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். மனுஷர் இளைத்துப் போயிருந்தார். சட்டையில்லாத நெஞ்சில் எலும்பை எண்ணலாம்.

"எந்திரித்தா" என்றார். "பொம்பள மேல கை வைக்க வேணாம்னு பாக்குறேன்."

"எந்திரிக்கிறேன் மாமா. அதுக்கு முன்னால ஒரு வார்த்த. கிட்ட வாங்க. மத்தவுக கேக்க வேணாம்."

அவர் அசையவில்லை. அவள்தான் எழுந்து அவரிடம் போனாள். பெட்டியைத் திறந்து மேலாக இருந்த பாலத்துப் படத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனாள். இருளாண்டிக்கும் அவருக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஆத்தா கட்டியிருக்கிற ரங்கூன் பட்டு சப்பான்ல நெய்ஞ்சது."

உடையப்பனுக்கு அவள் சொன்னது சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"பொய்யி."

"ஓரம் மடிச்சுத் தச்சவ நாந்தான். தையலப் பிரிச்சுப் பாருங்க. உள்ள இந்த எழுத்து இருக்கும்." படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். "இதுவும், இதுவும். முத்துராமன் எங்கிட்டக் குடுக்கும்போது நான் பாத்தேன்."

மகன் பெயரைக் கேட்டதும் உடையப்பன் ஓங்கிய கையை இறக்கினார். அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் கூட்டம் என்ன பேச்சு என்று தெரியாமல் சலசலத்தது.

"எரிக்கிறதுன்னா எரிங்க மாமா" என்றாள் செவந்தி. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் நிறுத்தவில்லை. "நான் மறிக்கலை. இந்தப் பெட்டிய நானே தூக்கிட்டு வாரேன். நீங்க கோயிலுக்குப் போயி அந்தப் பட்ட உருவிக்கிட்டு வாங்க. ரெண்டையும் சேத்து வச்சுக் கொளுத்துவோம். அது ஒங்க மகன் ஆசையா வாங்கினது. இது எந்தம்பி ஆசையா வாங்கினது. எவன் நெய்ஞ்சான், எவன் போட்டான்னு பாத்து எரிக்கிறதா இருந்தா ரெண்டும் எரியட்டும். எவன் வாங்கிக் குடுத்தான்னு பாக்குறதா இருந்தா ரெண்டும் இருக்கட்டும். ஒண்ணு மட்டும் எரியிற நியாயம் எனக்கு வேணாம்."

உடையப்பன் தணிந்த குரலில் கேட்டார். "எட்டு நாளா தெரியும்ல ஒனக்கு? அன்னைக்கே கூட்டத்துல சொல்லியிருக்கலாமே. எதுக்குத்தா தண்ணி சொமந்த?"

"சொல்ல மனசு வரலை. இப்பவும் வரலை. நீங்க வேற வழி விடலை."

அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அவர் ஊர்க்கூட்டத்தில் பேசுகிற அதே உரத்த குரலில் சொன்னார்.

"இந்த வீட்டுல ஒண்ணும் இல்லப்பா. எழுத்தப் பாத்துட்டேன். நம்ம நெனச்ச மாதிரி சாமான் இல்லை. இழுங்க."

திருப்பதி உள்ளேயிருந்து ஐயோ சாமி என்று மூச்சு விட்டான். பெட்டி பிழைத்தது, முறை பிழைத்தது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வேறு எவளாக இருந்தாலும் உள்ளே போயிருப்பாள். நல்ல மனசோடு சொன்ன பொய், அதுவும் அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய். இருளாண்டியும் கண்ணால் அவளுக்கு ஜாடை காட்டினார், போ போ என்று.

"இருக்கு" என்றாள் செவந்தி.

கொட்டு அடிக்க ஓங்கிய கை நின்றது.

"இல்லைன்னு சொல்லாதீக மாமா. இருக்கு. பத்தொம்பது இருக்கு. அம்புட்டும் சப்பான் மழதான். ஒளிச்சு வச்சிருக்கான்னு நாளைக்கு ஒருத்தரும் பேசக் கூடாது. இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

"ஏ கிறுக்கச்சி" என்று பின்னாலிருந்து பிச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

உடையப்பன் செவந்தியைப் பார்த்தார். கையில் ஏந்தியிருந்த படத்தைப் பார்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டு பாலத்தில் போகிறவரை அவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அங்கே நின்றவர்கள் பிற்பாடு ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். பார்த்து முடித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இருக்கு."

மறுபடியும் சொன்னார். "இருக்கட்டும்."

கொடும்பாவி வயிற்றில் அவசர அவசரமாகப் பக்கத்துப் படப்பிலிருந்து வைக்கோலை உருவித் திணித்தார்கள். கொட்டு முழங்கியது, அழுகைச் சத்தமும் விட்ட இடத்திலிருந்து தொடங்கித் தெருக்கோடியைத் தாண்டிப் போயிற்று. உடையப்பன் கூடப் போகவில்லை. கோயில் பக்கம் தனியாகத் திரும்பி நடந்தார். செவந்தி படத்தைத் துணிக்கு நடுவே வைத்து, வசம்பைச் சரிபண்ணி, பெட்டியை மூடினாள். காலையில் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போய், காவலுக்கு நின்றவன் ஒதுங்கி வழி விட, வரிசையில் அவளுடைய பழைய இடத்தில் வைத்தாள்.